எழுத்துக்கு ஒரு சன்னல் – 9: வணக்கம் சொன்னதும் மூடிய கதவு

சென்ற வாரம் ஓர் ஆராய்ச்சியாளரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டுத் 'தொடரும்' போட்டோம். அவர் பேரும் ஊரும் நமக்கு வேண்டாம். அவருக்கு நேர்ந்தது பல நாடுகளில் பல பேருக்கு நேர்ந்தது. காலையிலிருந்து ஈமேக்ஸ் எடிட்டரில் ஆங்கிலத்தில் நிரல் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு குறையும் இல்லை. மதியத்துக்கு மேல், கண்ட்ரோல் விசையோடு ஹெச், அடுத்து இன்னொரு ஹெச் என்று அழுத்தினார்.

அந்த இரண்டு ஹெச்சுக்கும் திறப்பது ஒரு கோப்பு. ஹெலோ என்று பெயர். உலகத்து மொழிகள் பலவும் தத்தம் எழுத்தில் தத்தம் முகமனைச் சொல்லும் இடம் அது. தமிழுக்கும் அதில் ஒரு வரி உண்டு. 'தமிழ்' என்று எழுதி, பக்கத்தில் 'வணக்கம்'.

கோப்பு திறந்ததா? திறக்கவில்லை. ஒரு நொடியில் எடிட்டரின் சன்னலே திரையிலிருந்து மறைந்துவிட்டது. பின்னால் திறந்திருந்த கறுப்பு டெர்மினலில் ஒரே ஒரு வரி மிச்சம். 'ஓடிஎஃப் ஓப்பன்' என்ற பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை என்பது அதன் பொருள்.

அவர் மறுபடியும் எடிட்டரைத் திறந்தார். திறந்தது. ஆங்கிலத்தில் தட்டினார். ஓடியது. வணக்கத்தைக் கூப்பிட்டார். செத்தது.

இந்தத் தொடரை நான் பாடாலூரில் இருந்து எழுதுகிறேன். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் இரவு முழுக்கக் கேட்கும் வீடு. தமிழில் தட்டச்சு செய்யும் யாருக்கும் இந்த ஒரு வரிப் புதிர் வெறும் கணினிச் சங்கதியாகப் படாது என்று நினைக்கிறேன். எனக்குப் படவில்லை. நம் மொழி வந்தால் மட்டும் ஏன் கதவு மூட வேண்டும்?

விடை தெரிய இந்த எடிட்டர் எப்படிக் கண் விழிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். திறந்தவுடன் சாகும் நோய் ஈமேக்ஸுக்குப் புதிதில்லை. முதல் சந்தேகம் அங்கேதான் விழும்.

*

எங்கள் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது, 18 மீட்டர் நீளம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதை வெளியுலகுக்குச் சொன்னார். மரம் மரமாகவே இருக்கிறது. ஆனால் கல்.

ஈமேக்ஸும் நெடுங்காலம் அப்படி ஒரு கல்மரத்திலிருந்துதான் துளிர்த்தது. உவமைக்காகச் சொல்லவில்லை, வேலை செய்யும் முறையே அதுதான். 1976இல் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் மேக்ரோக்களின் தொகுப்பாகப் பிறந்து, 1985இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கையால் ஜிஎன்யூ ஈமேக்ஸாக வெளிவந்த இந்த எடிட்டரின் உடம்பு சி மொழி. உயிர் லிஸ்ப் மொழி. ஒவ்வொரு தடவையும் அத்தனை லிஸ்ப் கோப்புகளையும் படித்து முடித்த பிறகுதான் சன்னல் திறக்கும் என்றால், அந்தக் காலத்துக் கணினியில் பொறுமை போய்விடும். அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். கட்டும்போதே எல்லாக் கோப்புகளையும் ஒரு முறை படிக்க வைப்பது. படித்து முடித்த நிலையில் கணினியின் நினைவகம் எப்படி இருக்கிறதோ அதை அப்படியே பிரதி எடுத்து, அதையே ஓடும் நிரலாகச் சேமிப்பது. மறுநாள் நீங்கள் திறப்பது அந்த உறைந்த நேற்றைத்தான்.

உறைய வைக்கும் அந்தச் சிறு நிரலின் பெயர் அன்எக்செக். எழுதியவர் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்பென்சர் தாமஸ். கோப்பின் தலையில் அவர் இட்ட தேதி 1982 மார்ச் 2. ஏறத்தாழ நாற்பது ஆண்டு இந்தத் தந்திரம் உலகத்தின் எத்தனையோ வகைக் கணினிகளில் ஓடியது. எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. இல்லாத வேகத்தை இருக்கும் பொருளை வைத்தே உண்டாக்கிய வேலை அது.

ஆனால் அதில் ஒரு நம்பிக்கை மறைந்திருந்தது. நேற்று எந்த முகவரியில் எந்தப் பொருள் இருந்ததோ, இன்றும் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கை. 'தேரடியிலிருந்து நாலாவது வீடு' என்று சொன்னால் தெரு எங்கே போனாலும் வீட்டைக் கண்டுபிடிக்கலாம். அன்எக்செக் அப்படிச் சொல்லவில்லை. 'கதவு எண் 412' என்று எழுதி வைத்தது.

2003ஆம் ஆண்டு வாக்கில் லினக்ஸ் உலகம் கதவு எண்களை மாற்றத் தொடங்கியது. காரணம் நல்ல காரணம். நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டித் தெரிந்தால் திருடன் நேராக அங்கே வந்துவிடுவான். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முகவரிகளைக் குலுக்கிப் போடு என்றார்கள். ஃபெடோரா கோர் 1இல் வந்த எக்செக்-ஷீல்டு என்ற காவல், நினைவகத்தின் அமைப்பையே மாற்றிப் போட்டது. உறைய வைக்கப் போன ஈமேக்ஸ் பாதியிலேயே விழுந்தது. பிறப்பதற்கு முன்பே கிராஷ்.

ஈமேக்ஸோடு எப்போதும் 'பிராப்ளம்ஸ்' என்றொரு கோப்பு வரும். எந்தக் கணினியில் என்ன கோளாறு, எப்படித் தப்பிப்பது என்று பல்லாண்டுக் காலமாகச் சேர்த்து வைத்த குறிப்புகள். ஒரு மருத்துவரின் நோட்டுப் புத்தகத்தைப் படிப்பது போல அதைப் படிப்பேன். அதில் இந்த நோய்க்கும் மருந்து இருந்தது. 'செட்ஆர்ச்' என்ற கட்டளையை முன்னால் போட்டு, 'இந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் முகவரியைக் குலுக்காதே' என்று கேட்டுக்கொள்வது. கேட்டது. உறைந்தது. ஓடியது.

அப்படியே இன்னும் பல வருஷம் தள்ளினார்கள். 2016இல் வேறு பக்கத்திலிருந்து அடி வந்தது. லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியைப் பராமரிப்பவர்கள், ஈமேக்ஸின் இந்தப் பழக்கத்துக்காகத் தங்கள் நினைவகப் பங்கீட்டில் ஒட்டுப் போட்டு வைத்திருக்கும் பகுதியை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஓர் எடிட்டருக்காக எல்லா நிரல்களும் பயன்படுத்தும் லைப்ரரி எத்தனை காலம் வளைந்து நிற்கும்?

அந்த வருஷக் கடைசியில் டேனியல் கோலாஷியோன் என்ற நிரலாளர் ஒரு மாற்றைக் கொண்டுவந்து வைத்தார். நினைவகத்தைக் கதவு எண்ணோடு உறைய வைக்காமல், 'தேரடியிலிருந்து நாலாவது' என்ற முறையில் எழுதி வைப்பது; திறக்கும்போது இன்றைய தேரடி எங்கே என்று பார்த்து முகவரிகளைத் திருத்திக்கொள்வது. எந்தக் கணினிக்கும் ஒத்துவரும். ஆனாலும் உடனே ஏற்கவில்லை. நீண்ட காலமாக ஈமேக்ஸைக் கவனித்துவந்த எலி சரெட்ஸ்கிக்கு ஒரு கவலை இருந்தது. சி மொழியில் இவ்வளவு ஆழத்தில் வேலை செய்யத் தெரிந்தவர்கள் இந்தத் திட்டத்தில் குறைந்துகொண்டே வருகிறார்கள். நாளைக்கு இது உடைந்தால் யார் தைப்பது? லிஸ்ப் கோப்புகளையே வேகமாகப் படிக்கச் செய்தால் போதாதா?

இந்தச் சண்டையில் யார் பக்கம் சரி என்று என்னைக் கேட்டால், இருவரும் அந்த எடிட்டரை நேசித்தார்கள் என்பதைத்தான் முதலில் சொல்வேன். ஒருவர் இன்றைய நோயைப் பார்த்தார், மற்றவர் பத்து வருஷம் கழித்து வரும் மருத்துவரைப் பற்றிக் கவலைப்பட்டார். புதிய முறை 2019 ஜனவரியில் மூலநிரலில் சேர்ந்தது. 2020 ஆகஸ்ட்டில் ஈமேக்ஸ் 27 பதிப்போடு வீடு வீடாகப் போனது.

சரி, நம் ஆராய்ச்சியாளரின் எடிட்டர் இதனால்தான் செத்ததா?

இல்லை. கல்மரம் சரியாகவே துளிர்த்திருந்தது. காலையிலிருந்து மதியம் வரை ஆங்கிலம் ஓடியதே அதற்குச் சாட்சி. உறைந்த நினைவகம் கெட்டிருந்தால் சன்னலே திறந்திருக்காது.

அப்படியானால் சன்னல்?

*

ஒரு சன்னல் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? ஈமேக்ஸிடம் கேட்டால் 80 என்று சொல்லும். 80 என்ன? 80 எழுத்து. 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள். அதைப் பார்த்து டெர்மினல் திரைகளும் 80 எழுத்து அகலம் ஆயின. அவற்றைப் பார்த்து எடிட்டர்களும். ஓர் எழுத்தின் அகலத்தை 80ஆல் பெருக்கினால் சன்னலின் அகலம். எழுத்துக்கள் எல்லாம் ஒரே அகலமாக இருக்கும் வரை கணக்கு சுத்தம்.

தமிழை இந்தக் கணக்கில் வையுங்கள். 'வணக்கம்' என்பதில் நாம் எண்ணினால் 5 எழுத்து. யூனிகோடில் கணினி எண்ணினால் 7 குறிகள், இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறி என்பதால். திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும்? எழுத்துருவைக் கேட்காமல் யாராலும் சொல்ல முடியாது. ர என்பதும் ணௌ என்பதும் ஒரே அகலத்தில் அடங்குமா? 'கொ' என்ற ஒற்றை எழுத்து மெய்யின் இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. எழுத்தை எண்ணி அளவெடுக்கும் சன்னலுக்கு நம் எழுத்து அடங்காது.

போதாததற்கு, சன்னல் கேட்ட அளவு கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. 1984இல் எம்ஐடியில் தொடங்கிய எக்ஸ் சன்னல் அமைப்பில், நிரல் 'எனக்கு இவ்வளவு இடம் வேண்டும்' என்று விண்ணப்பம்தான் போடலாம். கொடுப்பது சன்னல் மேலாளர் என்ற வேறொரு நிரல். அது கூட்டலாம், குறைக்கலாம், பதிலைத் தாமதமாகவும் சொல்லலாம். ஈமேக்ஸ் முதலில் ஏதோ ஓர் எழுத்துருவில் சன்னலைத் திறக்கும்; பிறகு உங்கள் அமைப்புக் கோப்பைப் படிக்கும்; அதில் நீங்கள் பெரிய எழுத்துரு கேட்டிருந்தால், 80 எழுத்து குறையக்கூடாதே என்று சன்னலை விரிக்கும்; விரிந்தது திரையை விட்டு வெளியே போகும்; மேலாளர் வெட்டுவார்; ஈமேக்ஸ் மறுபடி அளக்கும். திறக்கும்போது சன்னல் துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நிரல்களின் கயிறிழுப்பு அது.

2014இல் வந்த 24.4 பதிப்பில், எழுத்துக் கட்டத்தை விட்டுப் புள்ளிக் கணக்கில் சன்னலை அளக்க வழி செய்தார்கள். எழுத்துரு மாறினாலும் சன்னலைத் தொடாதே என்று சொல்லும் வசதி 25ஆம் பதிப்பில் வந்தது. முதல் சன்னல் திறக்கும் முன்பே படிக்கப்படும் தனி அமைப்புக் கோப்பு 27இல்.

என் மேசையிலும் இதன் உறவுக்காரன் ஒருவனைச் சந்தித்திருக்கிறேன். வெளித்திரையைக் கழற்றி வைத்த மறுநாள், நான் அப்போது பழகிவந்த ஓர் எடிட்டர் திறக்க மறுத்தது. கிராஷ் என்றே நினைத்தேன். அரை நாள் போனது. அது ஒழுங்காகத் திறந்துதான் இருந்தது. கழற்றிய திரை இருந்த இடத்தில், யார் கண்ணுக்கும் படாமல். நேற்றைய இடத்தைக் குறித்து வைத்திருந்து, இன்று அந்த இடம் இருக்கிறதா என்று பார்க்காமலே போய் நின்றது. குறித்து வைத்திருந்த கோப்பை அழித்ததும் வந்துவிட்டது. அன்எக்செக்கின் கதவு எண் கதை உங்களுக்கு ஞாபகம் வருகிறதா? எனக்கு அன்று வரவில்லை.

ஆனால் நம் ஆராய்ச்சியாளரின் சன்னல் எங்கும் ஒளிந்துகொள்ளவில்லை. உண்மையிலேயே செத்தது. அளவுத் தகராறு எரிச்சல் மூட்டும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பெயர் சொல்லிக் கொல்லாது. டெர்மினலில் மிஞ்சிய வரி ஒரு பெயரைச் சொல்கிறது. ஓடிஎஃப் ஓப்பன். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போவோம்.

*

ஈமேக்ஸுக்கு ஆசிய எழுத்துக்களைக் கற்றுக்கொடுத்தவர்கள் ஜப்பானியர்கள். ட்சுகுபா நகரத்து மின்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஹண்டா கெனிச்சியும் தோழர்களும் ம்யூல் என்ற பெயரில் பன்மொழி ஈமேக்ஸ் ஒன்றை உண்டாக்கினார்கள். 1997இல் அது ஈமேக்ஸ் 20இல் கலந்தது. பிறகு கவாபாட்டா தாய்ச்சி என்பவர் இந்திய எழுத்துக்களை எடுத்துக்கொண்டார். எந்தக் குறி எந்த மெய்யோடு எப்படிச் சேரும் என்று தமிழுக்கென்றே அவர் எழுதிய லிஸ்ப் கோப்பு ஒன்று ஈமேக்ஸுக்குள் இருந்தது. 2007இல் வந்த 22ஆம் பதிப்பில் தமிழ் தனி மொழிச்சூழலாக நின்றது. நமக்குக் கொம்பும் காலும் ஒட்ட வைத்தவர் ஒரு ஜப்பானியர் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது.

2009இல் வந்த 23ஆம் பதிப்பில் ஈமேக்ஸ் உள்ளுக்குள் முழுக்க யூனிகோடுக்கு மாறியது. எழுத்துச் சேர்க்கை வேலையை இனிமேல் கையால் எழுதிய விதிகள் செய்ய வேண்டாம். ஓப்பன்டைப் எழுத்துருவுக்குள்ளேயே அந்த விதிகள் இருக்கின்றன. அவற்றைப் படித்துச் சொல்ல வெளியிலிருந்து ஒரு லைப்ரரி போதும் என்று தீர்மானித்தார்கள். அந்த லைப்ரரியும் ஹண்டா குழுவினுடையதுதான். ஓப்பன் டைப் ஃபான்ட் என்பதன் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'லிப்ஓடிஎஃப்' என்று பெயர்.

ஓடிஎஃப் ஓப்பன் என்பது இந்த லைப்ரரிக்குள் இருக்கும் ஒரு செயல். எழுத்துருவைத் திறக்கும் செயல். ஆக, ஈமேக்ஸ் வணக்கத்தை வரையும் முன் எழுத்துருவைத் திறக்கப் போயிருக்கிறது, செயலைக் காணவில்லை, விழுந்துவிட்டது.

ஆனால் லைப்ரரி கணினியில் இருக்கிறது! ஆராய்ச்சியாளர் தேடினார். லிப்ஓடிஎஃப் என்ற கோப்பு இருந்தது. பெயர் சரி. இருக்கும் வீட்டில் ஆளைக் காணவில்லை என்றால் என்ன அர்த்தம்?

இங்கே இரண்டு தடயங்கள். ஒன்று, ஈமேக்ஸைத் தனிச் சன்னலாகத் திறக்காமல் டெர்மினலுக்குள்ளேயே ஓட்டினால் அதே வணக்கம் சாகடிக்கவில்லை. அங்கே எழுத்தை வரைவது டெர்மினலின் பொறுப்பு. ஈமேக்ஸ் எழுத்துருவைத் தொடுவதே இல்லை. இரண்டாவது தடயம்தான் முக்கியம். அன்று காலை அவர் அதே டெர்மினலில் வேறொரு வேலைக்காக ஒரு கட்டளை கொடுத்திருந்தார். மாட்யூல் லோட் ஓப்பன்எம்பிஐ. பல கணினிகளை ஒன்றாகக் கோத்து ஒரே கணக்கைப் போட வைக்கும் மென்பொருள் அது; ஆய்வகங்களில் தினசரிப் புழக்கம்.

நாங்கள் பாடாலூர்க்காரர்கள் ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில், திருப்போரூர்ப் பக்கம் ஓர் ஆலத்தூர் இருக்கிறது. மருந்துத் தொழிற்சாலைகள் உள்ள ஊர். பின்கோடு எழுதாமல் 'ஆலத்தூர்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் சின்ன வெங்காய விதைக்கான சீட்டு மருந்துக் கம்பெனிக்குப் போய்ச் சேரும்.

நடந்தது அதேதான். உலகத்தில் இரண்டு லிப்ஓடிஎஃப்கள் இருந்தன. ஒன்று ஹண்டா குழுவின் எழுத்துரு லைப்ரரி. மற்றது ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த 'ஓப்பன் டிரேஸ் ஃபார்மட்'. மீக்கணினிகளில் ஓடும் நிரல் எந்த நொடியில் என்ன செய்தது என்று பதிவு செய்யும் லைப்ரரி. எழுத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ரெட்ஹேட் லினக்ஸ் 6இல் ஓப்பன்எம்பிஐ பொதியோடு இந்த இரண்டாவது லிப்ஓடிஎஃப் வந்தது. அந்த ஒரு கட்டளை, லைப்ரரிகளைத் தேடும் வழியில் ஓப்பன்எம்பிஐயின் அடைவை முன்னால் கொண்டுபோய் வைத்தது. பிறகு அதே டெர்மினலில் இருந்து ஈமேக்ஸைத் திறந்தால், அது லிப்ஓடிஎஃப் என்று கேட்க, முதலில் கண்ணில் பட்ட டிரெஸ்டன்காரர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அப்படியானால் திறந்தவுடனேயே ஏன் சாகவில்லை? நிரல்கள் ஒரு லைப்ரரியின் செயல்களைத் திறக்கும்போதே தேடிச் சரிபார்ப்பதில்லை. வேகத்துக்காக, எந்தச் செயல் முதன்முதலாகத் தேவைப்படுகிறதோ அந்த நொடியில்தான் தேடும். ஆங்கில எழுத்துக்குச் சேர்க்கை விதி தேவைப்படவில்லை. ஓடிஎஃப் ஓப்பன் கூப்பிடப்படவே இல்லை. தவறான ஆள் மேசையில் உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியவில்லை. சேர்ந்து நிற்கும் எழுத்து ஒன்று வந்தபோதுதான் 'வாருங்கள், எழுத்துருவைத் திறங்கள்' என்று அழைப்பு போனது. அவருக்கு அந்த வேலையே தெரியாது.

என் மனத்தில் தைத்த இடம் இது. ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவர் வாழ்நாள் முழுக்க இந்தப் பிழையோடு வாழ்ந்துவிடலாம்; அது இருப்பதே தெரியாது. தமிழ், இந்தி, வங்காளம் எழுதுகிறவர் முதல் சொல்லிலேயே விழுவார். 'எனக்கு ஓடுகிறதே' என்று பதில் வந்தால் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அவருக்கு உண்மையிலேயே ஓடும். நம் எழுத்தில் தட்டிப் பார்த்து நாம்தான் சொல்ல வேண்டும். என்ன தட்டினோம், எந்த டெர்மினலில், அதற்கு முன் என்ன கட்டளை கொடுத்தோம் என்பது வரை.

தப்பிக்க வழி எளிது. ஓப்பன்எம்பிஐயை ஏற்றாத வேறொரு டெர்மினலில் இருந்து ஈமேக்ஸைத் திறப்பது; இல்லையென்றால் லைப்ரரி தேடும் வழியில் கணினியின் சொந்த அடைவை முதலில் நிற்க வைப்பது. பிராப்ளம்ஸ் நோட்டுப் புத்தகத்தில் இரண்டும் பதிவாகியிருக்கின்றன. 2020இல் அதே 27ஆம் பதிப்பில் எழுத்துச் சேர்க்கை வேலை ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரிக்கு மாறியது. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் முன்னின்று வளர்த்தது, பெயரும் பாரசீகம். ஆண்ட்ராய்டு, ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் இன்று நம் கொம்பையும் காலையும் பொருத்தி வைப்பது அதுதான்.

எல்லாவற்றிலும் என்று சொன்னேனா? திருத்திக்கொள்கிறேன். ஒரு பெரிய வீடு ஹார்ஃப்பஸை வைத்துக்கொள்ளாமல் தன் சொந்த எழுத்து வரைவியோடு நின்றது. ஆப்பிள்.

2018 பிப்ரவரி. உலகத்தின் பல மூலைகளில் ஐபோன்கள் ஒரு குறுஞ்செய்தியைக் காட்டப் போய் அப்படியே விழுகின்றன. சில போன்கள் திரும்பத் திரும்பத் திறந்து, திரும்பத் திரும்பச் சாகின்றன. செய்தியில் இருந்தது படமும் இல்லை, இணைப்பும் இல்லை. ஒரே ஓர் எழுத்து. நம் பக்கத்து வீட்டு எழுத்து, தெலுங்கு.

ஆராய்ந்து பார்த்தவர்கள் அதே விபத்தை வங்காள எழுத்திலும் தேவநாகரியிலும் நிகழ்த்திக் காட்டினார்கள். அந்த ஒரு தெலுங்கு எழுத்துக்குள், கண்ணுக்கே தெரியாத, அகலமே இல்லாத ஒரு குறி ஒளிந்திருந்தது. அதை அங்கே வைத்தது யார்? அகலம் இல்லாத ஒன்று ஒரு போனையே எப்படிக் கீழே தள்ளியது?

(அடுத்த வாரம்)